போட் விளையாட்டு

ஆஸ்பத்திரியில் அந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்தவர்களில் என் மகளுக்கு என்ன ஆச்சு என்று கேட்காதவர் ஒருவர்கூட இல்லை. ஒருவருக்குக் கையில் மாவுக்கட்டு. இன்னொருவர் மடியில் எக்ஸ்ரே கவர். பார்த்தாலே தெரிந்துவிடும், கேட்க வேண்டியதில்லை. என் கயலுக்குக் காய்ச்சலும் இல்லை, காயமும் இல்லை. பெஞ்சுக்கு அடியில் உட்கார்ந்து எல்லோருடைய செருப்பையும் இழுத்து இழுத்து ஒரே வரிசையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"க்யா ஹுவா பச்சி கோ?" என்று அதையே கேட்டார் பக்கத்தில் இருந்த பெங்காலி அம்மா.

"இன்னும் பேச்சு வரல" என்று ஹிந்தியில் சொன்னேன்.

"அட, இதுக்கா ஆஸ்பத்திரி? என் அக்கா பையன் அஞ்சு வயசு வரைக்கும் வாயே திறக்கல. இப்ப வக்கீல்!"

இந்தத் தீவில் எல்லோர் குடும்பத்திலும் இப்படித் தாமதமாகப் பேசி வக்கீலான ஒருவன் இருக்கிறான். இத்தனை வக்கீல்களும் எந்தக் கோர்ட்டில் நின்று வாதாடுகிறார்கள் என்று எனக்கு இதுவரை தெரியவில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் மனசுக்குள் ஒரு சின்ன ஆசை எழும்பத்தான் செய்யும். எனக்கு வக்கீல் வேண்டாம். அவள் என்னை ஒருமுறை 'அப்பா' என்று கூப்பிட்டால் போதும்.

நான் போர்ட் பிளேர் சாத்தாமுக்கும் எதிர்க்கரை பேம்பூ பிளாட்டுக்கும் இடையே ஓடும் ஃபெரியில் வேலை செய்கிறேன். போட் படகுத்துறையை நெருங்கும்போது கயிற்றை வீசிக் கட்டுகிற வேலை. இப்போது எங்கள் போட்டைப் பழுது பார்க்கக் கரைமேல் ஏற்றியிருக்கிறார்கள். கையில் வேலை குறைவு. போன வாரம் ஃபெரியில் தெரிந்த ஒருவர், தன் பிள்ளைக்கும் கயலுக்குச் செய்த பரிசோதனையை எழுதிக்கொடுத்திருக்கிறார்கள், என்ன செய்வார்கள், ஊசி போடுவார்களா என்று என்னிடம் கேட்டார். சொல்ல ஆரம்பித்தேன், அதற்குள் கரை வந்துவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

என் அப்பா அம்மா இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து கப்பலேறி இங்கே ரப்பர் தோட்ட வேலைக்கு வந்தவர்கள். என் மனைவி சுனிதா போர்ட் பிளேரில் மின்னி பே என்ற பகுதியில் பிறந்தவள். அவளுடைய முன்னோர்கள் வெள்ளைக்காரர்களின் ஜெயில் காலத்திலேயே கைதிகளாக இங்கே வந்து சேர்ந்தவர்கள். கொள்ளுத்தாத்தா தமிழர் என்று பெருமையாகச் சொல்வார்கள், ஆனால் வீட்டில் எல்லாம் ஹிந்திதான். சுனிதாவுக்குத் தமிழ் புரியும். பேசினால் ஆணும் பெண்ணும் ஒன்றாகிவிடும். "கயல் தூங்கிட்டான், நீங்க சாப்பிடு" என்பாள். கல்யாணம் ஆன புதிதில் இதைக் கேட்கவே வீட்டுக்குச் சீக்கிரம் ஓடி வருவேன். இப்போது பேம்பூ பிளாட் பக்கம் ஃபெரார்கஞ்சில் குடியிருக்கிறோம்.

மகளுக்கு கயல் என்று நான் பெயர் வைத்தேன். மின்னி பேயில் அது காஜல் ஆகிவிட்டது. பிளேஸ்கூலில் எப்படிக் கூப்பிட்டார்களோ, அது இரண்டும் இல்லை. அதனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை திரும்பவில்லை என்றபோது நாங்கள் யாரும் பயப்படவில்லை. "மூணு பேர் வச்சா எதுக்குத்தான் திரும்பும்?" என்று சுனிதாவின் அண்ணன், என் மச்சான், சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவளுக்கு இரண்டு வயது வரை எங்களுக்குள் ஒரு விளையாட்டு இருந்தது. வேலை முடிந்து வந்ததும் தரையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டி அகல வைத்துக்கொள்வேன். அதுதான் படகுத்துறை. கயல்தான் போட். "போட் வருது, போட் வருது... மெதுவா, மெதுவா... கொஞ்சம் ஒதுங்கு... கயித்தப் போடு..." என்று நான் சொல்லச் சொல்ல அவள் பின்பக்கமாக நடந்து வந்து என் கால்களுக்கு நடுவே தொப்பென்று உட்காருவாள். என் இரண்டு கையையும் அவள் வயிற்றைச் சுற்றி இறுக்கி, "கட்டியாச்சு!" என்பேன். அப்போது சிரிப்பாள் பாருங்கள், எதிர்வீட்டு நாய்கூட எழுந்து பார்க்கும்.

பேச்சு மட்டும் வரவில்லை. விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். பொம்மைக் காரைத் தலைகீழாகப் போட்டுச் சக்கரத்தை மட்டும் சுழற்றுவாள். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். பிளேஸ்கூலில் விசாரித்தார்கள். வீட்டில் அப்பா தமிழ், அம்மா ஹிந்தி, பக்கத்து வீட்டில் பெங்காலி என்று தெரிந்ததும் அவர்களுக்கு விடை கிடைத்துவிட்டது. "பிள்ளை குழம்பிப் போச்சு. வீட்ல ஒரே பாஷை பேசுங்க."

எந்த பாஷை என்று யாரும் கேட்கவில்லை. கடையில், பஸ்ஸில், ஸ்கூலில் எல்லாம் ஹிந்தி. அம்மாவும் ஹிந்தி. என் தமிழ்தான் ஓட்டையாகத் தெரிந்தது. அதை அடைத்துவிட்டால் பேச்சு வந்துவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். மகளுக்குப் பேச்சு வரும் என்றால் வெற்றிலை பாக்கை விடச் சொன்னாலும் விடுவேன், தமிழை விட மாட்டேனா?

எனக்கு ஹிந்தி நன்றாகவே வரும். ஹிந்தியில் சண்டை போடுவேன், பேரம் பேசுவேன், லாரிக்காரனைப் பின்னால் எடுக்கச் சொல்லித் திட்டுவேன். கொஞ்ச மட்டும் வராது. 'வா மகளே' என்பதை "ஆவோ பேட்டி" என்று சொல்லிக் கூப்பிட்டால் யாரோ வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். போட் விளையாட்டை ஹிந்தியில் சொல்லிப் பார்த்தேன். அவள் திரும்பவே இல்லை. கொஞ்ச நாளில் அதை விட்டுவிட்டேன். வேலை முடிந்து வருவேன், பிஸ்கட் கொடுப்பேன், தலையைத் தடவுவேன், சும்மா உட்கார்ந்திருப்பேன். ஃபெரியில் மட்டும் தமிழ்க்காரர் யாராவது ஏறினால் விடாமல் பேசித் தள்ளுவேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டே மகளுக்காக ஏங்க முடியுமா என்றால், முடியும். ஒரு வருஷத்துக்கும் மேலே அப்படித்தான் இருந்தேன்.

பேச்சு வரவில்லை.

தடுப்பூசிக்குப் போன இடத்தில் டாக்டர் கயலைக் கொஞ்ச நேரம் கவனித்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார், கை தட்டினார், பந்தை உருட்டினார். பிறகு எங்களைப் பார்த்து, "ரெஃபர் பண்றேன்" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்கு இந்த வார்த்தை புரியாது. இங்கே ரெஃபர் என்றால் மெயின்லேண்ட். இங்கே வைத்தியம் இல்லை, கப்பலோ பிளேனோ ஏறிச் சென்னைக்குக் கொண்டுபோ என்று அர்த்தம். கேன்சருக்கும் இதயத்துக்கும்தான் அதைக் கேட்டிருக்கிறோம். சுனிதா போனில் தன் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். சாயங்காலத்துக்குள் மின்னி பேயிலிருந்து ஒரு ஜீப் நிறைய ஆட்கள். ஹார்லிக்ஸ் பாட்டில், இளநீர், சென்னையில் இருக்கும் தூரத்து உறவினரின் போன் நம்பர், குளிருக்கு ஸ்வெட்டர். சென்னையில் எதற்கு ஸ்வெட்டர் என்று கேட்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. கயல் அந்த ஸ்வெட்டரின் பொத்தான்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சுனிதாவோடு டாக்டரிடம் ஓடினேன். "அரே பாய், போர்ட் பிளேருக்குத்தான் எழுதியிருக்கேன். ஃபெரி ஏறினா அந்தப் பக்கம். முதல்ல காது டெஸ்ட். அப்புறம் ஆட்டிசம் இருக்கான்னு பார்ப்பாங்க. இருக்குன்னு நான் சொல்லல, பார்க்கணும்னு சொல்றேன்" என்றார்.

அந்த வார்த்தையை முதன்முதலாக அங்கேதான் கேட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் சுனிதா என் கையை விடவே இல்லை.

காது டெஸ்ட்டுக்கு பெரா என்று பெயர். பயப்பட ஒன்றுமில்லை. தலையில் சின்னச் சின்ன ஒயர்களை ஒட்டுவார்கள், காதில் டிக் டிக் என்று சத்தம் கொடுப்பார்கள். அந்தச் சத்தம் மூளை வரை போய்ச் சேருகிறதா என்று கம்ப்யூட்டர் காட்டும். ஒரே கஷ்டம், பிள்ளை அசையாமல் தூங்க வேண்டும். காலையில் சீக்கிரம் எழுப்பிவிடுங்கள், வழியில் தூங்கவிடாதீர்கள், இங்கே வந்ததும் மருந்து கொடுத்துத் தூங்க வைக்கிறோம் என்றார்கள்.

எங்களுக்குப் போர்ட் பிளேர் என்றால் ஃபெரிதான். அதிலும் நான் வேலை செய்கிற ஃபெரியில் என் மகளைக் கூட்டிப்போவது எனக்குப் பெருமை. பேம்பூ பிளாட்டில் ஏறினோம். இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் அந்த அதிர்விலேயே கயல் சுனிதா தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எழுப்பினோம், தண்ணீர் தெளித்தோம், கூட வேலை செய்கிற ராஜு விசில் ஊதினான். ம்ஹூம். சாத்தாமில் இறங்கும்போது புதுப் பூ மாதிரி கண் விழித்தாள். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தும் ஆட்டம் போட்டாள். தேதி மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டாவது முறையும் அதே கதை. டெஸ்ட் எடுக்கிற பெண் சிரித்துவிட்டார். "நீங்க போட்ல வராதீங்க. ரோடு இருக்கில்ல?"

மூன்றாவது முறை, ஃபெரியில் சம்பளம் வாங்குகிற நான், ஊரெல்லாம் சுற்றிக்கொண்டு ரோடு வழியாக பஸ்ஸில் போனேன். அன்றைக்குத்தான் தூங்கினாள். ஒயர்களோடு படுத்திருந்த அந்தச் சின்னத் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அவளுக்குக் காது கேட்கக் கூடாது என்று அன்றைக்கு வேண்டிக்கொண்டேன். கேட்காவிட்டால் மெஷின் வைக்கலாம். மெஷின் வைத்தால் என் குரல் போய்ச் சேரும். இத்தனை நாளும் அவள் திரும்பாததற்கு ஒரு காரணம் இருந்ததாக ஆகும். டெஸ்ட் எடுத்தவர் வெளியே வந்து, "காது ரெண்டும் நல்லா இருக்கு" என்று சந்தோஷமாகச் சொன்னார். நான் வராந்தா பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அடுத்தது அசெஸ்மென்ட். ஊசி இல்லை, மருந்து இல்லை, ஸ்கேனும் இல்லை. ரத்தத்தில் பார்த்துச் சொல்கிற விஷயம் இல்லையாம் இது. பிள்ளை எப்படி விளையாடுகிறது, எப்படிக் கேட்கிறது, எப்படிப் பார்க்கிறது என்று பக்கத்தில் இருந்து கவனித்து, எங்களிடமும் விசாரித்துத்தான் சொல்வார்கள். பாய் விரித்த ஒரு அறை, ஒரு கூடை பொம்மை. லாவண்யா என்று ஒரு மேடம். இங்கேயே பிறந்த தெலுங்குப் பெண். ஹிந்தியும் பேசுவார், தெலுங்கு வாசனையோடு தமிழும் பேசுவார்.

நிறையக் கேட்டார். கைக்குழந்தையில் முகம் பார்த்துச் சிரித்தாளா? டாட்டா காட்டுவாளா? ஆகாயத்தில் பிளேன் போனால் விரலை நீட்டி உங்களுக்குக் காட்டுவாளா?

"கேக்குறதுக்கு நீட்டுறது வேற, காட்டுறதுக்கு நீட்டுறது வேற. 'அதோ பாரு, நானும் பாத்தேன், நீயும் பாரு'ன்னு ஒரு சந்தோஷம் இருக்கில்ல, அதைக் கேக்குறேன்."

நான் யோசித்துப் பார்த்தேன். அப்படி ஒருமுறைகூட அவள் எதையும் காட்டியதில்லை. அதுவரை அது எனக்குத் தெரியவே தெரியாது.

"பிஸ்கட் வேணும்னா எப்படிக் கேப்பா?"

"கையப் புடிச்சிட்டுப் போவா மேடம். என் மணிக்கட்டைத் தூக்கி டப்பா மேல வப்பா. நான் தொறந்து குடுப்பேன்." இதைக் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன். புத்திசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேடம் தலையாட்டிக்கொண்டே குறித்துக்கொண்டார். "உங்க கையைச் சாவி மாதிரி உபயோகிக்கிறா. உங்க முகத்தைப் பாக்க மாட்டா, சரியா?"

சரிதான். முகத்தைப் பார்க்க மாட்டாள். கையை மட்டும்தான் பார்ப்பாள்.

பிறகு பெற்றோர் விளையாடுவதைப் பார்க்க வேண்டும் என்றார். சுனிதா பாயில் உட்கார்ந்து சொப்புச் சாமானை வைத்து ஹிந்தியில் பேசிப் பேசி விளையாடினாள். கயல் ஒரு கரண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய் அதைச் சுழற்றினாள். என் முறை வந்தது. நான் போய் உட்கார்ந்தேன். பந்தை உருட்டினேன். வாயைத் திறக்கவில்லை.

"அப்பா பேச மாட்டீங்களா?" என்றார் மேடம்.

நான் சுனிதாவைப் பார்த்தேன். அவள்தான் சொன்னாள், ஹிந்தியில். ஒரே பாஷை பேசச் சொன்னதை, நான் தமிழை நிறுத்தியதை, எல்லாவற்றையும்.

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "ரெண்டு பாஷையால யாருக்கும் ஆட்டிசம் வராது. பேச்சும் நிக்காது. இந்தத் தீவுல பாதிப் பிள்ளைங்க மூணு பாஷையில வளருது, பாக்கலையா? நீங்க எதுல நிஜமா பேசுவீங்களோ அதுல பேசுங்க. இப்பவே."

இப்பவே என்றால்? ஒரு வருஷம் மூடி வைத்த வாய். கை கால் எல்லாம் வெட்கப்பட்டது. பிறகு என்னை அறியாமலே இரண்டு காலையும் நீட்டி அகல வைத்தேன்.

"போட் வருது..." குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "போட் வருது, போட் வருது... மெதுவா, மெதுவா..."

மூலையில் கரண்டி நின்றது.

"கொஞ்சம் ஒதுங்கு..."

கயல் எழுந்தாள். என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே பின்பக்கமாக ஒரு அடி, இன்னொரு அடி. இடையில் பந்து கிடந்தது, அதை மிதித்துத் தடுமாறி நின்றாள். நான் மூச்சு விடவில்லை.

"கயித்தப் போடு..." என்றேன்.

தொப்பென்று வந்து உட்கார்ந்தாள். முன்பைவிடக் கனமாக இருந்தாள். முன்பு என் நெஞ்சுக்குக் கீழே நின்ற தலை இப்போது மோவாயில் இடித்தது. நான் பார்க்காத நேரத்தில் வளர்ந்துவிட்டாள். "கட்டியாச்சு" என்று சொல்லத்தான் நினைத்தேன், அழுகைதான் வந்தது. சுனிதா துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள்.

கடைசியில் மேடமும் குழந்தை டாக்டரும் சேர்ந்து எங்களை உட்காரவைத்துச் சொன்னார்கள். ஆட்டிசம்தான். அறையில் அவள் என்னிடம் வந்துவிட்டாளே, அதற்குப் பிறகும் ஆட்டிசமா என்று கேட்டேன். ஆமாம் என்றார்கள். அப்பாவிடம் பாசம் இல்லாததற்குப் பெயர் ஆட்டிசம் இல்லையாம். உலகத்தை அவள் மூளை வாங்கிக்கொள்ளும் விதம் வேறு. மாத்திரை சாப்பிட்டுப் போகிற நோய் இல்லை. பயிற்சி வேண்டும், நாள் பிடிக்கும். பேச்சு வரலாம். வராமல், படம் காட்டியோ கையால் சைகை செய்தோ சொல்லவும் பழகலாம். இப்போதே எதையும் அடித்துச் சொல்ல முடியாது என்றார்கள். அந்த 'வரலாம்' என்ற சொல்லை மட்டும் நான் பத்திரமாக எடுத்துக்கொண்டேன்.

திரும்பும்போது ஃபெரியில்தான் வந்தோம். கயல் வழக்கம்போலத் தூங்கிவிட்டாள். சுனிதா அவள் தலையை மடியில் சரித்துக்கொண்டாள். பிறகு தன் தமிழில் கேட்டாள், "அந்த விளையாட்டு எனக்கும் சொல்லிக் குடு. நீங்க டூட்டிக்குப் போனா அவன் யார்கூட விளையாடுவான்?"

"அவ" என்று திருத்தினேன்.

"அதே தான்" என்றாள்.

இப்போது மின்னி பேயில் மச்சான்கூட "போட் வருத்து" என்கிறார். கயல் அவரிடம் போவதில்லை, அது வேறு விஷயம். பயிற்சிக்கு வாரம் தவறாமல் போகிறோம். வெளியே காத்திருக்கும்போது அதே பெஞ்ச், அதே கேள்வி. இப்போது ஆட்டிசம் என்று வாய்விட்டுச் சொல்கிறேன். வக்கீல் கதை வந்தால் சிரித்துக்கொள்கிறேன்.

மேடம் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். விளையாட்டில் கடைசி வார்த்தையைச் சொல்லாதீர்கள், நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். அந்த இடம் அவளுக்கு. ஒரு சத்தம், ஒரு பார்வை, ஒரு அசைவு, எது வந்தாலும் அதுதான் பதில்.

அப்படியே தினமும் செய்கிறேன். காலை நீட்டுகிறேன். போட் வருகிறது, ஒதுங்குகிறது, தொப்பென்று உட்காருகிறது. "கயித்தப் போடு..." என்று சொல்லிவிட்டு, கை இரண்டையும் தரையில் ஊன்றிக்கொண்டு காத்திருக்கிறேன். மேலே விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்கும். எனக்கு அந்த ஒரு வார்த்தை வேண்டும். எந்த பாஷையில் வந்தாலும் சரி. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நானே சொல்லிக் கட்டிக்கொள்வேன். பல நாள் அப்படியே போனது.

நேற்றுச் சாயங்காலமும் காத்திருந்தேன். கயல் குனிந்து தரையில் கிடந்த என் வலது கையின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினாள். பிஸ்கட் கேட்கிறாள், என்னை எழுப்பிக் கூட்டிப்போகப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. அந்தக் கையை இழுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். பிறகு இடது கையையும் தேடி எடுத்து அதன் மேல் வைத்தாள். இரண்டையும் தன் சின்னக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். முகத்தைத் திருப்பவில்லை, ஒரு சத்தமும் இல்லை.

மேடத்திடம் சொன்னால் குறித்துக்கொள்வார். குறித்துக்கொள்ளட்டும். எங்களுக்கு முன்னால் இந்த முறை பிஸ்கட் டப்பா எதுவும் இல்லை.